கல்லூரிக்கு எதிராக நாலு ஏஸ்

பெருமதிப்புக்குரிய அப்பாவுக்கு,

படிப்பைப் பாதியில் விட்ட உங்கள் மகன் பணிவுடன் எழுதுவது. நான் நலம். மாமா நலம். மாமாவின் சலவைக் கடையும் நலம். நீங்கள் மூன்று பேரும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் அம்மா இந்நேரம் போன் செய்து அழுதிருப்பாள். மரியாதை இத்துடன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். நான் இனி கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. இதை நான் சொல்லவில்லை, நாலு ஏஸ் சொல்லிவிட்டது. என் படிப்பு மேசையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், தங்கச்சிக்கு மட்டும் வேண்டாம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதம் அப்படியில்லை, பாதியில் வைத்தாலும் அங்கேயே கிடந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மதியம் சாப்பிட்டதும் கடையின் பின்னறையில், துணி மடிக்கும் மேசை மேல், போக்கர் ஆடுவோம். பதறாதீர்கள், காசு கிடையாது, பித்தான்தான் பந்தயம். இயந்திரத்துக்குள் உதிர்ந்த ஊரார் பித்தான் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. ஆடுவது மாமா, இஸ்திரி அண்ணன், கிழிசல் தைக்கும் தையலக்கா, நான். ஆளுக்கு ஐந்து சீட்டு, வந்தது வந்ததுதான், மாற்ற முடியாது. பின்னறையில் எந்நேரமும் நீராவி என்பதால் சீட்டெல்லாம் வளைந்துகொள்ளும். அண்ணன் அவ்வப்போது அதையும் இஸ்திரி போடுவார். ஒன்று குறைந்தாலும் தெரிய வேண்டும் என்று நாலு ஏஸ், நாலு ராஜா, நாலு ராணி என்று கடைசி ரெண்டு வரை அடுக்கி, மேலே துணி விரித்து, இளஞ்சூட்டில் தேய்க்கிற மனுஷன். மடிப்புக் கலையாத சீட்டுக்கட்டு உலகத்திலேயே எங்களிடம்தான் இருக்கிறது. அவருக்கு மணிக்கட்டு வலி வேறு, அதனால் சீட்டை ஒவ்வொன்றாகப் போட மாட்டார், ஐந்தையும் சேர்த்து ஒரே தள்ளு.

நேற்றும் அப்படித்தான். தேய்த்த கட்டைச் சூடு ஆறாமல் தையலக்கா முன்னால் வைத்து, "கலைம்மா" என்றார். அந்நேரம் பார்த்து முன்பக்கம் ஒரு வாடிக்கையாளர், வெள்ளையாகக் கொடுத்த பேண்ட் ரோஸ் கலரில் வந்திருக்கிறது என்று கூரை பறக்கக் கத்தினார். நாலு பேரும் ஓடினோம். "ஒரு தண்ணில விட்டா போயிடும் சார்" என்று மாமா சத்தியம் செய்து அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். திரும்பி வந்தோம், அண்ணன் கட்டை எடுத்துத் தள்ளினார். முதல் ஐந்து எனக்கு.

நாலு ஏஸ். கூட ஒரு ராஜா.

அப்பா, உங்களுக்கு ஆட்டம் தெரியாது. ஒரே சீட்டு நாலும் ஒரு கையில் வருவது உங்கள் வாயிலிருந்து எனக்கு 'சபாஷ்' வருகிற மாதிரி. பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஒரே சீட்டு மூன்றும் இன்னொரு சீட்டு இரண்டுமாக வந்தால் அது ஒரு படி கீழே, அதற்கே ஆட்கள் எழுந்து ஆடுவார்கள். எனக்குக் காது ரெண்டும் சுட்டது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நிமிர்ந்தால், மற்ற மூன்று முகமும் கல்லாக இருக்கிறது! பித்தானைத் தள்ளினேன். மூன்று பேரும் தள்ளினார்கள். ஏற்றினேன், ஏற்றினார்கள். டப்பா காலி. மாமா தன் சட்டையிலிருந்தே ஒன்றைப் பிய்த்து வைத்தார்.

"அதையும் நான்தானே தைக்கணும்" என்றாள் தையலக்கா, சீட்டை மார்போடு அணைத்தபடி. "என் ரேடியோவ வைக்கிறேன். ஜெயிக்கிறவங்க கேக்குற பாட்டுதான் இனிமே."

"ஃபேனுக்கு அடியில இருக்கற என் இடம்" என்றார் அண்ணன். எங்கள் கடையில் அது அரசாங்க உத்தியோகத்துக்குச் சமம்.

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, உன்கிட்ட வைக்க என்ன இருக்கு? ஒண்ணு பண்ணு. யாருகிட்ட தோத்தாலும் சரி, திங்கக்கிழமை காலேஜ் வாசல்ல நிக்கணும். நீ ஜெயிச்சா, படிப்புன்னு நானும் வாயத் திறக்க மாட்டேன், உங்கப்பனையும் திறக்க விடமாட்டேன்."

வகுப்பில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் ஓடி வந்தவன் நான். திரும்பவும் அந்த பெஞ்சா? ஆனால் கையில் இருப்பது நாலு ஏஸ்! "சரி மாமா, காட்டுங்க."

மாமா மூன்று ஜாக்கி, ரெண்டு ராணியை விரித்துவிட்டுப் பித்தானை அள்ளப் போனார். "கைய எடுங்க முதலாளி" என்றாள் அக்கா. மூன்று ராஜா, ரெண்டு ராணி! மாமா நாற்காலியில் விழுந்தார். "ரெண்டு பேரும் ஓரமா நில்லுங்க" என்று அண்ணன் நாலு பத்தை விரித்துவிட்டு, ஃபேனைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் நான் ஏஸை ஒண்ணு ஒண்ணா வச்சேன் பாருங்க, நாலாவதுக்கு முன்னாடி வேணும்னே கொஞ்சம் இருமினேன். அக்கா அலறுன அலறல்ல பேண்ட்காரர் உள்ள ஓடி வந்து, எதுக்குன்னே தெரியாம கை தட்டினாரு. நான் மேசை மேல ஏறிக் குதிச்சேன். மாமா பித்தான் போன சட்டையோட வாயப் பொளந்து நின்னாரு.

ஒரே ஆட்டத்தில் நாலு பேருக்கும் மலை மாதிரிக் கை! இது தற்செயலா அப்பா? விதியே என் கட்சியில் சேர்ந்துவிட்டது. இனி நீங்களும் மாமாவும் என்ன செய்ய முடியும்?

அம்மாவுக்கு என் அன்பு. தங்கச்சிக்கு ஒரு குட்டு. உங்கள் ஆசீர்வாதம் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விதி ஜெயிக்க வைத்த உங்கள் மகன்

பி.கு.: உறையை ஒட்டும் முன், நீங்கள் நம்ப மாட்டீர்களே என்று நாலு கையையும் படமாக வரைய நினைத்து, சீட்டு போட்ட வரிசையிலேயே மேசையில் பரப்பினேன். எனக்கு நாலு ஏஸ், ஒரு ராஜா. அடுத்து அக்காவுக்கு மீதி மூன்று ராஜா, ரெண்டு ராணி. மாமாவுக்கு மீதி ரெண்டு ராணி, மூன்று ஜாக்கி. அண்ணனுக்கு மீதி ஜாக்கி, நாலு பத்து. மாடிப்படி மாதிரி அப்படியே இறங்குகிறது. அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். எனக்கு ஏது அந்தப் பழக்கம்? "அக்கா, நேத்து நீ கலைச்சியா?" என்று கத்திவிட்டேன்.

"நான் எங்க கலைச்சேன், பேண்ட்டப் பாக்க ஓடிட்டேனே. அண்ணன் கலைச்சிருப்பாருன்னு..."

"நான் நீ கலைச்சேன்னுல்ல போட்டேன்!"

பின்னாலிருந்து மாமா, "ஆட்டம் செல்லாது" என்றார். நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

மறு ஆட்டம் ஆடினோம், பந்தயமெல்லாம் பழையபடியே. நாலு பேரும் கலைத்தோம், பேண்ட்டை வாங்க வந்தவரும் ஒருமுறை கலைத்தார். எனக்கு ஏஸ் வந்தது, ஒன்றே ஒன்று, துணைக்கு ஒரு நாதி இல்லை. அக்காவிடமும் அண்ணனிடமும் குப்பை. மாமாவிடம் ஒரு ஜோடி மூணு, ஒற்றை ஏஸை எந்த ஜோடியும் அடித்துவிடும். வெறும் மூணு அப்பா!

முழுக் கடிதத்தையும் திருப்பி எழுதச் சோம்பலாக இருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பு, அதனால் ஞாயிறே வந்துவிடுகிறேன். மேசையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். முக்கியமாகத் தங்கச்சிக்கு.