பெண் பார்க்கப் போய் எருமை பார்த்த கதை

படித்து முடித்த புதிதில் வைத்தியனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் நோய்தான். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது. கொழும்பில் மாட்டு வைத்தியம் படித்து, வெள்ளைக்காரத் துரையிடம் கைகுலுக்கிச் சான்றிதழ் வாங்கி வந்தவன் அல்லவா! (தொப்பி வேறு போடுவேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.)

அந்தக் கோலத்தில்தான் ஆரையம்பதிக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் தகப்பனார் சில்லறைக் கடைக்காரர். எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அவர்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

“தம்பி, கடை வண்டிக்கெண்டு போன கிழமை கரடியனாத்துப் பக்கம் ஒரு எருமைக்கடா வாங்கினன். அவிழ்த்துவிட்டா இடப்பக்கமாவே சுத்திச் சுத்தி நடக்குது. ஒருக்காப் பாருங்களன்.”

சுற்றி நடக்கும் மாடு! மூளையில் ஒரு பக்கம் கோளாறென்றால் விலங்கு அந்தப் பக்கமே சுற்றும் என்று அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். சந்தோசம் தாங்கவில்லை. மாடு கட்டியிருந்த வளவுக்குள் இறங்கினேன்.

கண்ணுக்கு முன் கையை வீசினேன், இமைத்தது. டோர்ச் அடித்தேன், கண்மணி சுருங்கியது. தள்ளாடுகிறதா என்று பார்க்க வாலைப் பிடித்து இழுத்தேன். அது அசையவில்லை, நான்தான் சறுக்கினேன். யன்னலுக்குள் வளையல் சத்தம் கேட்டது. (சிரிப்பை அடக்கும் சத்தம்தான்.) மிச்சம் முழங்கால் சோதனை. சுத்தியல் இல்லாததால் கடைத் தராசின் படிக்கல்லால் பின்னங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்த கணம் சாணிக் கும்பிக்குள் கிடந்தேன்.

“காலில நரம்பு நல்லா வேலை செய்யுது,” என்று கிடந்த இடத்திலிருந்தே அறிவித்தேன்.

எல்லாம் சரியாயிருந்தும் சுற்றுகிறதென்றால், மூளைக்குள் ஆழத்தில் கட்டிதான் என்று தீர்ப்புச் சொன்னேன். “சுகம் வராது மாமா. ஆரையும் முட்டிக் கொல்ல முதல் சுட்டிரணும்.” (அதற்குள் மாமா!)

“பாவம், வாயில்லாச் சீவன்,” என்று பெண்ணின் தாய் (இவர் மாமி!) கண் கலங்கினார். மாமா அதைச் சுட அடுத்த வீட்டில் துவக்கு இரவல் கேட்கப் புறப்பட்டார். அவசரப்பட்டுவிட்டேனோ என்று அப்போதுதான் எனக்கும் தோன்றியது.

அவர் வேலிப் படலையைத் தாண்டுவதற்குள் கடா கயிற்றை உருவிக்கொண்டு வளவின் மூலைக்கு நடந்தது. அங்கே பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கடா அதன்மேல் ஏறி, ஆற அமர, இடப்பக்கமாக மிதித்துச் சுற்றத் தொடங்கியது.

“ஐயோ, என்ட நெல்லு!” என்றார் மாமி.

மாமா திரும்பிப் பார்த்தார். மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. களத்தில் நெற்கதிரைப் பரப்பி, நடுக்கம்பத்தைச் சுற்றி நெல் உதிரச் சூடு மிதித்தே வளர்ந்த மாடு வேறெப்படி நடக்கும்? அறுவடைக்கு அறுவடை அதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். படித்த படிப்பு கண்ணை மறைத்துவிட்டது.

“தம்பி,” என்றார் மாமா, “கட்டி மாட்டுக்கா, உங்களுக்கா?”

ஓடிவிடலாம் என்று தொப்பியைத் தேடினேன். யன்னல் திறந்தது.

“அப்பா, அவரைப் போக விடாதீங்க. சாணியக் கழுவிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கட்டும்.”

அதுதான் அவள் சம்மதம். காரணத்தைப் பிறகு கேட்டேன். “உதை வாங்கி விழுந்தும் மாட்ட ஏசல்ல. என்னையும் ஏசமாட்டீங்க எண்டு நினைச்சன்,” என்றாள்.

எங்கள் பக்க வழக்கப்படி நான்தான் பெண் வீட்டுக்குக் குடிபோனேன். கடாவும் அங்கேயே கிழடு தட்டும்வரை சுகமாக இருந்தது. இன்றைக்கும் பிள்ளைகளில் யாராவது தலையிடி என்று முனகினால், மனைவி அவசரமாகப் பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள்:

“மெல்லச் சொல்லு புள்ள! அப்பாக்குக் கேட்டாத் துவக்கு எடுக்கச் சொல்லுவார்.”