ஏறாத பூட்ஸ்

வின்சென்ஸின் பூட்ஸ் உயிரை விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனிமலைக்கு ஏற்றிவிடும் லிஃப்ட் வரிசையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது. இடது கால் பிளாஸ்டிக் ஓடு ‘டப்’பென்று வெடித்து, கணுக்காலிலிருந்து கட்டைவிரல் வரை பிளந்துகொண்டது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். வின்சென்ஸ் அழவில்லை. அழுதிருந்தாலும் அவர் நிலைமை தெரிந்தவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அவர் நிலைமை இதுதான். ஸெல்ரைன் பள்ளத்தாக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குப் பஸ் ஓட்டுகிறவர். வாரம் பூராவும் உட்கார்ந்தே பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு மாறுதல் வேண்டாமா என்று மலைமேல் போய் உட்காருவார். லிஃப்டில் உட்கார்ந்தபடி மேலே போவார். ஒரு தடவை, மனசு வந்தால் இரண்டு தடவை, சறுக்கி இறங்குவார். அப்புறம் மலைக்குடில் வாசலில் வெயில் விழும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பிய்த்துப் போட்ட முட்டை அப்பத்தைப் பிளம் கூழில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவார். சாப்பிட்டதும் சூரியனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். யாராவது கேட்டால் பனிச்சறுக்கு என்பார்.

அவர் மனைவி நோட்புர்கா வேறு ரகம். ஊருக்கு அவள் புர்கி. லிஃப்ட் என்ற ஒன்றை இன்னும் யாருமே கண்டுபிடிக்கவில்லை என்பது போல, சறுக்குப் பலகை பின்னால் வழுக்காமலிருக்க அதன் அடியில் ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு, காட்டு வழியாக நடந்தே உச்சிக்கு ஏறுவாள். யார் காலும் படாத பனியில் இறங்கி, தக்காளி மாதிரி கன்னத்தோடு வீடு வந்து சேர்வாள். வந்ததும், “நீங்களும் ஒரு நாள் வாங்களேன்” என்பாள். வின்சென்ஸிடம் அதற்கு ஒரே ஒரு கேடயம்தான் இருந்தது. “என் பூட்ஸ் மடங்காதே புர்கி. இதைப் போட்டுக்கிட்டு நடக்க முடியுமா?”

அந்தக் கேடயம்தான் இப்போது வெடித்துவிட்டது.

“வெடிச்சதும் நல்லதாப் போச்சு,” என்றாள் புர்கி. “ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு வாங்கிடலாம். ஏறவும் ஆகும், லிஃப்டுக்கும் ஆகும். இனிமே ஞாயித்துக்கிழமை சேர்ந்தே போகலாங்க.”

‘சேர்ந்தே’ என்ற சொல்லைக் கேட்டதுமே வின்சென்ஸுக்குத் தன் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவளுக்கு அவர்மேல் உள்ள ஆசை நிஜமான ஆசை. அவருக்கும் அவள்மேல் ஆசைதான். ஆனால் அந்த பெஞ்சின் மேலும் ஆசை. பெஞ்ச் அவரை ஒரு நாளும் எங்கேயும் ஏறச் சொன்னதில்லை.

ஆகவே ஒரு சபதம் எடுத்தார். பூட்ஸைத் தானே தேர்ந்தெடுப்பது என்று. பஸ் நிற்கிற நேரமெல்லாம் படித்துப் படித்து ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தார். மலை ஏறும் பூட்ஸ் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. லேசானது ஏற்றத்தில் பறக்கும், இறுகிய பனியில் இறங்கும்போது நடுங்கும். கனமானது இறக்கத்தில் ராஜா. ஏற்றத்திலோ ஒவ்வொரு காலிலும் ஒரு வாளி சிமெண்ட். அப்படியென்றால் கடையிலேயே கனமானதாகப் பார்த்து எடுத்துவிட வேண்டியது. பேருக்கு ஏறும் பூட்ஸ், புர்கி குறை சொல்ல முடியாது. முதல் மேட்டிலேயே பொத்தென்று விழுந்துவிடலாம், நடிக்கக்கூட வேண்டாம். அவள் மனசு இளகிவிடும். அப்புறம் ஆயுசு முழுக்க லிஃப்ட், பெஞ்ச், காலில் ராஜா பூட்ஸ். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

கடைக்காரி எர்ணா அவர் பாதத்தை அளந்துவிட்டு, முதலில் ஒரு லேசான ஜோடியைப் போட்டுவிட்டாள். வின்சென்ஸ் எழுந்து நின்றார். பயந்துபோனார். வீட்டுச் செருப்பு மாதிரி இருந்தது. கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாக ஆடியது. இதைப் போட்டால் உச்சி வரை நடக்க முடியும் என்பது அவருக்கே புரிந்துவிட்டது. அவசர அவசரமாகக் கழற்றினார்.

“விரல் இடிக்குது.”

“எந்த விரல்ணே?”

“எல்லா விரலும்.”

எர்ணா உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். “இன்னும் நாலு விரலுக்கு எடம் இருக்கேண்ணே.”

வின்சென்ஸ் காது கேட்காதவர் போல, அலமாரியின் மேல்தட்டில் ஆரஞ்சு நிறத்தில் பீரங்கி மாதிரி நின்ற ஒன்றைக் காட்டினார்.

“அதா? அது செங்குத்தா எறங்குறவங்க போடறது. பயங்கர விறைப்பு.”

“நானும் விறைப்பான ஆளுதான்.”

எர்ணா புர்கியைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்திருந்த புர்கி, “அவருக்குப் பிடிச்சிருந்தாச் சரி” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது. கொஞ்சம் விவரமுள்ள மனிதனாக இருந்தால் அந்த இடத்திலேயே வெறுங்காலோடு ஓடியிருப்பான். வின்சென்ஸ் புன்னகைத்தார்.

எர்ணா வழக்கமான நிபந்தனையைச் சொன்னாள். இரண்டு வாரம் வீட்டுக்குள் கம்பளத்தின்மேல் போட்டு நடக்க வேண்டும். அடிப்பாகம் ரோட்டிலோ பனியிலோ படக்கூடாது. ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவாள். ஒத்துவந்தால் உள்பகுதியைச் சூடாக்கி அவர் கால் அச்சுக்கே படிய வைத்துவிடுவாள், அதன்பின் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

தினமும் சாயங்காலம் வீடு அதிர்ந்தது. வரவேற்பறைக்கும் சமையலறைக்குமாக வின்சென்ஸ் யானை மாதிரி உலாத்தினார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்.

“வலிக்குதாங்க?”

“இல்லையே. கச்சிதம்.”

வலிக்கிறது என்றால் மாற்றிவிடுவாளே. கெடு முடியும் வரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிக்கல் பஸ்ஸில் ஏறி வந்தது. முதலில் ரொட்டிக்கடை அம்மாள், “கேள்விப்பட்டேன், உங்க தைரியமே தைரியம்” என்று சொல்லி ஒரு பன்னைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஏன் என்று புரியாமலே வின்சென்ஸ் பன்னைத் தின்றார். அடுத்த நாள் பாதிரியார் ஏறினார். தோளில் கை வைத்து, ஞாயிறு பூசையில் உனக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கிறேன் என்றார். அந்தப் பாதிரியார் பேர் சொல்லி ஜெபிப்பதெல்லாம் பெரும்பாலும் செத்தவர்களுக்குத்தான்.

அன்று மாலை விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் கோர்பினியன் கதவைத் தட்டினார். மலை மீட்புக் குழுவுக்குத் தலைவர், தாடிக்குள் பனி உறைந்த மனிதர். நேராக உள்ளே வந்து ஆரஞ்சு பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரு தடவை முகர்ந்துகூடப் பார்த்தார்.

“இதை வாங்குறவன் ஒரே ஒரு எடத்துக்குத்தான்யா வாங்குவான். சாத்தான் இடுக்கு. சரிதானே?”

வின்சென்ஸ் பூட்ஸை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். சாத்தான் இடுக்கு என்பது இரண்டு பாறைகளுக்கு நடுவே, சுவரைக் கொஞ்சம் சாய்த்து வைத்தது போல இறங்கும் பனிப் பள்ளம். வாலிபத்தில் அதில் இறங்கிய கதையை அவர் வருஷக்கணக்கில் பஸ்ஸில் சொல்லி வந்திருக்கிறார். உண்மையில் இறங்கியது அவர் அண்ணன். இவர் கீழே நின்று சாண்ட்விச் வைத்திருந்தார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க அஞ்சு பேரு போறோம்,” என்றார் கோர்பினியன். “நீதான் முன்னால எறங்கற. வழி தெரிஞ்சவன் நீதானே. கயித்தையும் நீயே தூக்கிக்க, அந்தக் கால் தாங்கும்.” போகும்போது முதுகில் ஒன்று வைத்தார். வின்சென்ஸுக்கு இருமல் வந்தது.

முடியாது என்று சொல்லலாம். சொன்னால் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருத்தரும் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு சிரிப்பையும் காட்டுவார்கள், ஓய்வு பெறுகிற நாள் வரை. போகலாம். போனால் பாதிரியாரின் ஜெபம் வீண்போகாது. யோசித்து யோசித்துப் பார்த்ததில், அந்த ஊரில் ஒரு ஆம்பிளை மானம் போகாமல் பின்வாங்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்பது புலப்பட்டது. பெண்டாட்டி விடவில்லை.

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். புர்கி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“புர்கி. கோர்பினியன்கிட்ட யாரு சொன்னது?”

“என்னது?”

“சாத்தான் இடுக்கு.”

“நான் இடுக்கைப் பத்திப் பேசவே இல்லை. பூட்ஸ் என்ன கனம்னு கேட்டாரு, சொன்னேன். மத்ததை அவரே நெனைச்சுக்கிட்டாரு.”

“எனக்கு ஒரு உதவி பண்ணணும். நான் அங்க போகக்கூடாதுன்னு நீ தடுத்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடு.”

புர்கி கத்தியைக் கீழே வைத்தாள். “பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“சின்னப் பொய்தான்.”

“பாதிரியார் வேற உங்களுக்காக ஜெபிக்கப் போறாரு. இந்த நேரத்துல பொய்யா? ஞாயித்துக்கிழமை நீங்க என்கூட வர்றீங்கன்னா, அப்பத் தடுத்தது நெசமாயிடும். தைரியமாச் சொல்லுவேன்.”

வின்சென்ஸின் கண்முன்னே வெயில் பெஞ்ச் ஒரு தடவை வந்து நின்றது. பிளம் கூழ் மினுங்கியது. பிறகு சாத்தான் இடுக்கு வந்து நின்றது.

“இந்த ஞாயிறா?”

“ஒரு ஞாயிறு தடுத்தா அடுத்த ஞாயிறு அவரு திரும்ப வருவாரே. எல்லா ஞாயிறும் தடுத்தாத்தாங்க தடுத்ததா ஆகும்.”

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. அவர் கடைசியாக மிச்சமிருந்த ஆயுதத்தை எடுத்தார். காலைத் தூக்கி, ஆரஞ்சு பீரங்கியை அவளுக்குக் காட்டினார்.

“வர்றேன் புர்கி. சத்தியமா வர்றேன். ஆனா இதைப் போட்டுக்கிட்டு மனுஷன் ஏற முடியுமா? நீயே சொல்லு.”

புர்கி குனிந்து, அவர் பூட்ஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். கால் வெளியே வந்ததும் அதைப் பிரியமாகத் தடவிக் கொடுத்தாள்.

“அந்த லேசான ஜோடியை எர்ணா அன்னிக்கே எடுத்து வெச்சுட்டாங்க, நான்தான் சொன்னேன். மாத்தறதுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள். அதுக்குள்ள நீங்களா வந்து கேக்காமப் போயிடுவீங்களோன்னு எனக்குத்தான் நாலு நாளாத் தூக்கமே இல்லை.”