இலுப்பை மரத்துத் தேவாங்கும் இருண்ட திரையும்

ஒரு காட்டில் மின்சாரம் வந்து பதினாறு வருஷமும், இணையம் வந்து பத்து வருஷமும், இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வர ஆரம்பித்து மூன்று வாரமும் ஆகியிருந்தன. அந்தக் காட்டில் ஓர் இலுப்பை மரம். அதன் நடுப்பொந்தில் வீரபத்திரன் என்ற தேவாங்கு குடியிருந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் குரங்குகள் கல்யாணம் பேசி, முடித்து, சம்பந்தி சண்டையும் போட்டுவிடும்.

வீரபத்திரனிடம் ஒரு மேசைக் கணினி இருந்தது. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. இந்த இரண்டாவது விஷயத்தை அது யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. வழியில் பார்க்கிற முயலிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதற்கு முன்பே, "நான் லினக்ஸ்தான் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிடும். முயல்கள் அந்த வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டன.

அந்த வருஷம் சிங்கராஜாவின் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. மரம் வைத்திருக்கும் எல்லாரும் தங்கள் மர உரிமையை இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. அதற்குள் புதுப்பிக்காத மரம் காலி மரமாக அறிவிக்கப்படும். அதன்பிறகு யார் முதலில் விண்ணப்பிக்கிறார்களோ, மரம் அவர்களுக்கு. முன்பெல்லாம் யானை குமாஸ்தாவின் முன் வரிசையில் போய் நிற்க வேண்டும். இப்போது வரிசையே கிடையாது. அதனால் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்க்கவும் வழி கிடையாது.

இலுப்பை மரத்தின் மேல் மந்திக் கூட்டத்துக்கு வெகுநாளாக ஒரு கண். இது தெரிந்துதான் வீரபத்திரன் திங்கட்கிழமையே படிவத்தை நிரப்பி வைத்தது. கடைசியில் உள்ள "புதுப்பி" என்ற பொத்தானை அமுக்க வேண்டியது மட்டும் பாக்கி. கையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது பார்சல் வந்தது.

பார்சலை அனுப்பியது மனைவியின் தம்பி. நகரத்து மிருகக்காட்சிசாலையில் வாசம். "வெளியூர்ல நல்லா செட்டிலாயிட்டான், மூணு வேளையும் சாப்பாடு அவங்களே குடுத்துடறாங்களாம்" என்று காட்டில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். உள்ளே கணினித் திரையில் படம் காட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. "மாமா, ஆபீஸ்ல புதுசு மாத்தினாங்க, இது சும்மா கிடந்துச்சு. போட்டுப் பாருங்க. படமெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம்."

கண்ணைப் பற்றி யாராவது பேசினால் தேவாங்குக்குத் தாங்காது. உடம்பில் பாதி கண்தான் அதற்கு.

செவ்வாய்க்கிழமை காலை கார்டை மாட்டிக் கணினியைப் போட்டது. லினக்ஸின் சின்னம் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. பிறகு திரை கறுத்துவிட்டது. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. வீரபத்திரன் அதைப் பார்த்தது. அது வீரபத்திரனைப் பார்த்தது. மதியம் வரை இப்படியே போனது.

அடுத்த பட்டமரத்தில் மூன்று குட்டிகளோடு வாடகைக்கு இருந்த செவந்தி என்ற மரநாய் அந்தப் பக்கம் வந்தது.

"என்ன அண்ணே, கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்கு. டிரைவர்தான் பிரச்சினை. லினக்ஸ் சொல்றது கார்டுக்குப் புரியணும்னா நடுவுல டிரைவர்னு ஒரு மென்பொருள் வேணும். இப்போ ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை."

"அப்போ அந்தக் கார்டைக் கழட்டிட்டு பழையபடி போட்டுட வேண்டியதுதானே? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

வீரபத்திரன் மெதுவாகத் திரும்பி இரண்டு கண்ணாலும் பார்த்தது. "பின்வாங்குறது எங்க பரம்பரையிலேயே கிடையாது, செவந்தி."

உண்மைதான். அந்தப் பரம்பரையில் முன்னால் போவதும் அவ்வளவாகக் கிடையாது.

"சரி, மரமாவது மிஞ்சட்டும். இந்தாங்க என் போன். நான் என் வாடகைச் சீட்டை இதுலதான் பதிஞ்சேன். பத்து நிமிஷம்கூட ஆகலை. இதுலயே புதுப்பிச்சிடுங்க" என்றபடி செவந்தி கீறல் விழுந்த ஒரு போனை நீட்டியது.

வீரபத்திரனின் முகம் மலர்ந்தது. "நல்ல நேரத்துல குடுத்தே! மன்றத்துல கேட்கணும்னு நினைச்சிட்டிருந்தேன்."

மன்றம் என்பது கானகக் கணினி மன்றம். காட்டில் கணினி வைத்திருப்பவர்கள் தங்கள் பிரச்சினைகளை அங்கே எழுதுவார்கள். மற்றவர்கள் வந்து, பிரச்சினை எழுதியவரிடம்தான் இருக்கிறது என்று விளக்குவார்கள். வீரபத்திரன் நடந்ததை எல்லாம் எழுதியது. முதல் பதில் ஆமையிடமிருந்து வந்தது: "நான் பன்னிரண்டு வருடமாக எதையும் மாற்றவில்லை. எனக்கு நன்றாக வேலை செய்கிறது." அடுத்து மன்றத்தின் நிர்வாகி ஆந்தையார் வந்தார். "முன்பே கேட்கப்பட்ட கேள்வி. தேடிப் பார்க்கவும்" என்று எழுதி அந்தப் பதிவைப் பூட்டிவிட்டார். ஆந்தையாருக்குப் பகலில் கண் தெரியாது. படிக்காமலே பூட்டியதால் அவருடைய தீர்ப்பில் பாரபட்சம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

வீரபத்திரன் தேடியது. கிடைக்கவும் செய்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு முள்ளெலி எழுதியிருந்தது. அதே கார்டு, அதே கறுப்புத் திரை, மூலையில் அதே கோடு. வீரபத்திரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பதிவுக்குப் போனது. முள்ளெலியின் முடிவுரை அங்கே இருந்தது:

"சரியாகிவிட்டது. நன்றி."

அவ்வளவுதான். எப்படிச் சரியானது என்று ஒரு சொல் இல்லை. வீரபத்திரன் அதற்குக் கீழே, "ஐயா, என்ன செய்தீர்கள்?" என்று கேட்டது. அந்த முள்ளெலியைப் பாம்பு தின்று ஐந்து வருடமாகிறது என்று ஆந்தையார் தெரிவித்து, அதையும் பூட்டினார்.

"எப்பேர்ப்பட்ட சுயநலம் பாரு!" வீரபத்திரன் போனை ஆட்டிக்கொண்டு கத்தியது. "எப்படி சரியாச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா முள்ளு கொட்டிப் போயிருக்குமா? இவங்கெல்லாம் இருந்து என்ன பிரயோஜனம்?"

"இல்லையே அண்ணே, அதான் போயாச்சே" என்று சொல்லிவிட்டு செவந்தி போனை வாங்கிக்கொண்டது.

புதன்கிழமை நரி நேரிலேயே வந்தது. மன்றத்தில் அதற்கு நல்ல மரியாதை. அதற்குச் சொந்தக் குகை கிடையாது. போன வருஷம் குகை உரிமையைப் புதுப்பிக்க வேண்டிய வாரத்தில் அதன் கணினியில் ஸ்பீக்கர் கொஞ்சம் கரகரத்தது. இப்போது ஒரு காட்டுப்பன்றியின் வீட்டுப் பின்புறத்தில் குடியிருக்கிறது. ஆனால் ஸ்பீக்கர் பிரமாதம்.

நரி கணினியைத் தொடங்கும்போதே ஒரு வரி கட்டளையைச் சேர்த்தது. உடனே திரை வந்துவிட்டது. எழுத்தெல்லாம் சுவர் விளம்பரம் போலப் பெரிது பெரிதாக, ஓரத்தில் பிசிறு பிசிறாக இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. திங்கட்கிழமை நிரப்பி வைத்த படிவம் அப்படியே இருந்தது. "புதுப்பி" என்ற பொத்தான் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. மீதிப் பாதி அமுக்குவதற்குப் போதும்.

"வந்துடுச்சு! அமுக்குங்க அண்ணே, அமுக்குங்க!" என்று செவந்தி குதித்தது.

வீரபத்திரன் கையைத் தூக்க ஆரம்பித்தது.

"இதைப் போய் வந்துடுச்சுங்கறாங்களே, தலைவரே," என்று நரி சிரித்தது. "இது ஒப்புக்கு வர்ற படம். கார்டு இன்னும் தூங்குது. யானையை வாங்கி வெச்சுக்கிட்டு வாலைப் பிடிச்சு நடந்து போற மாதிரி. நம்ம மன்றத்துல யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

வீரபத்திரனின் கை பாதியில் நின்றது. பிறகு, தூக்கிய அதே வேகத்தில் இறங்கியது.

"பொத்தான் எங்கே ஓடிடப் போகுது? முதல்ல இதை ஒழுங்கு பண்ணிடுவோம்" என்றது.

"அண்ணே, பொத்தான் ஓடாது. மரம் ஓடிடும்."

"உனக்கு இதெல்லாம் புரியாது, செவந்தி."

"புரியாததாலதான் என் போன் வேலை செய்யுது" என்று செவந்தி குட்டிகளைப் பார்க்கப் போய்விட்டது.

வியாழக்கிழமை நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். கார்டு செய்த கம்பெனியின் டிரைவரைப் போட வேண்டும் என்றது நரி. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் புதுசாக்க வேண்டும் என்றது. புதுசாக்கியதில் லினக்ஸின் அடிவயிறான கெர்னலும் புதுசாகிவிட்டது. டிரைவரோ பழைய கெர்னலுக்காகச் செய்தது. புதியதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழைய கெர்னலுக்குத் திரும்பியபோது, டிரைவருக்குக் கையெழுத்து இல்லை என்று கணினியே அதை வாசலில் நிறுத்தியது. கையெழுத்துச் சோதனையை நிறுத்தியபோது படம் தலைகீழாக வந்தது. வீரபத்திரன் சற்றும் கலங்காமல் கிளையில் தலைகீழாகத் தொங்கி மேற்கொண்டு நாலு கட்டளைகள் அடித்தது. அதன் இனத்துக்கு அப்படி ஒரு வசதி.

அது தொங்கிக்கொண்டிருந்தபோதே மந்திகள் வந்து கிளைகளைக் கயிறு போட்டு அளந்தன. "இது பெரியவருக்கு, அது மாப்பிள்ளைக்கு" என்று ஒரு கிழட்டு மந்தி குறித்துக்கொண்டது. பொந்துக்குள் எட்டிப் பார்த்து, "இந்த ரூமை ஸ்டோர் ரூமாக்கிடலாம்" என்றது.

"கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க" என்றது வீரபத்திரன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி. எட்டுத் திருத்தங்களைச் செய்து, அதில் ஐந்தைத் திரும்ப எடுத்து, இரண்டை மறுபடி செய்துவிட்டு, வீரபத்திரன் கணினியைப் போட்டது. சின்னம் வந்தது. திரை கறுத்தது. நரி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு திரை விடிந்தது.

அடடா! இலையென்றால் இலையின் நரம்பு தெரிகிறது. பனித்துளியென்றால் அதற்குள் சூரியன் தெரிகிறது. வீரபத்திரனின் பெரிய கண்களில் தண்ணீர் கட்டியது.

"தலைவரே, சக்கரத்தை ஓட்டிப் பாருங்க" என்றது நரி. கார்டு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. மூன்று பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுற்றும். வேறொன்றும் நடக்காது. வீரபத்திரனும் நரியும் அதைப் பார்த்தன. கேள்விப்பட்டு ஆந்தையாரும் வந்தார். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அருமை" என்றார்.

செவந்தி ஓடி வந்தது. "அண்ணே, மணி நாலே முக்கால்!"

"இரு, இரு. அந்தச் சிவப்புச் சக்கரத்தைப் பாரு. பல்லு பல்லா எவ்வளவு சுத்தமா சுத்துது!"

"நாலு அம்பது, அண்ணே!"

"எழுத்தை மட்டும் ஒரு இழை மெருகேத்திட்டு வந்துடறேன்."

நாலு ஐம்பத்தெட்டுக்குப் படிவத்தைத் திறந்தது. கையைத் தூக்கியது. தேவாங்கின் கை எப்படித் தூங்கி எழுந்து போகும் என்பதை முன்பே சொல்லியிருக்கிறோம். விரல் பொத்தானைத் தொட்டபோது திரையில் இரண்டு வரிகள் வந்தன.

"காலக்கெடு முடிந்தது. இந்த மரம் காலியாக உள்ளது."

அந்தக் காட்டில் அதுவரை எந்த அறிவிப்பும் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. ஒவ்வோர் எழுத்தின் வளைவும் செதுக்கியது போல் இருந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளிகள்கூட முத்து முத்தாக, உருண்டையாக இருந்தன.

"என்ன தெளிவு பாத்தீங்களா!" என்றது வீரபத்திரன். பிறகுதான் படித்தது.

தூரத்தில் மந்திகள் எதையோ சொல்லித் திட்டிக்கொண்டிருந்தன.

செவந்தி போனைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் போட்டுட்டேன்."

"எதை?"

"மரத்துக்கு மனு. அஞ்சு மணி ஒரு நிமிஷத்துக்கு. மந்திங்க அஞ்சு மணி ரெண்டு நிமிஷத்துக்குப் போட்டிருக்காங்க. வேற யாருக்கோ போறதுக்கு... எனக்கும் மூணு குட்டிங்க இருக்கு."

வீரபத்திரன் பொந்தைப் பார்த்தது. செவந்தியின் குட்டிகள் அதற்குள் உள்ளே போய் உருண்டுகொண்டிருந்தன. நரி தரையைப் பார்த்தது. ஆந்தையார் எதையும் பார்க்கவில்லை.

"உங்களை நான் வெளியே போகச் சொல்லுவேனா?" என்றது செவந்தி. "கீழ்க்கிளையில இருந்துக்குங்க. ஆனா ஒண்ணு, அண்ணே. குட்டிங்க படிப்புக்குன்னு ஒரு பழைய பிரிண்டர் வாங்கினேன். என்ன பண்ணாலும் காகிதத்தைக் கடிச்சுத் துப்புது..."

வீரபத்திரன் தலையைச் சடாரென்று திருப்பியது. தேவாங்கு வம்சத்தில் அவ்வளவு வேகத்தை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எந்த மாடல்?"

கீழ்க்கிளைக்கு இறங்குவதற்கு முன் வீரபத்திரன் ஒரு கடமையைச் செய்தது. முள்ளெலியைத் திட்டியது அதற்கு நினைவிருந்தது. பின்னால் வருபவர்களுக்கு உதவட்டும் என்று மன்றத்தைத் திறந்து, புதிய பதிவு தொடங்கி, என்னென்ன செய்தோம் என்று யோசித்தது. எட்டுத் திருத்தங்களில் எது பலித்தது? எடுத்துவிட்ட ஐந்தில் ஒன்றா, மறுபடி செய்த இரண்டில் ஒன்றா? நரியைக் கேட்டது. நரிக்கும் தெரியவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, நிதானமாக இரண்டு சொற்களை அடித்தது.

"சரியாகிவிட்டது. நன்றி."

ஆந்தையார் அதைப் பூட்டினார். அன்றிலிருந்து மன்றத்தில் வீரபத்திரனின் பெயருக்குக் கீழே "மூத்த உறுப்பினர்" என்ற பட்டம் மின்னுகிறது. மிகத் தெளிவாகத் தெரிகிறது.

நீதி: டிரைவர் சரியாக வேண்டுமானால் முதலில் வீட்டை இழந்துவிடுங்கள். வீடு என்று ஒன்று இருக்கும்வரை கவனம் சிதறிக்கொண்டேதான் இருக்கும்.