பின்சீட்டு பாயும் ஒரு கரகரப்பும்

திண்டுக்கல்லில் கார் வைத்திருந்தவர்களில் பின்சீட்டு பாய்க்குத் தெரியாமல் யாரும் சண்டை போட்டதில்லை. அவருக்குத் தெரியாமல் யாரும் சமாதானமானதும் இல்லை. மாமனார் மருமகன் தகராறு, பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும் குடும்பம், அண்ணனுக்குச் சொல்லாமல் தம்பி பேசி முடித்த நிலம் எல்லாமே அவர் காதில் விழுந்த பிறகுதான் ஊருக்குள் வரும். அவர் போலீஸ்காரரும் இல்லை, தரகரும் இல்லை. கார் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்.

அவரைப் பெற்ற அத்தா அவருக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார். நான் கேட்டதில்லை. கேட்கிற தெம்பு எனக்கு அந்த நாட்களில் இருந்ததில்லை. மாட்டுத்தீவனக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை. காலையில் கீரனூர், மத்தியானம் ஒட்டன்சத்திரம், சாயங்காலம் வத்தலக்குண்டு என்று ஒரு பழைய காரில் சுற்றுவேன். வீட்டுக்கு வந்தால் என் மேலிருந்து புண்ணாக்கு வாடை போகாது, உடம்பிலிருந்து அலுப்பு போகாது. எப்படி இருக்கீங்க என்று யாராவது விசாரித்தால், "இருக்கேன்" என்று சொல்வதற்கே மூச்சு வாங்கும்.

பாயின் கடை வத்தலக்குண்டு ரோட்டில், ஒரு பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்தது. ப்ளூடூத் என்கிற சங்கதி கார் ரேடியோவுக்குள் வந்து சேர்ந்த புதிது. போனைப் பையில் வைத்துக்கொண்டே ரேடியோ வழியாகப் பேசலாம் என்றதும் ஊரில் பாதிப்பேர் மலிவு விலை செட்டுகளை வாங்கி மாட்டினார்கள். மாட்டிய கொஞ்ச நாளிலேயே பாயிடம் வந்தார்கள்.

மற்ற மெக்கானிக்குகள் செட்டைச் சரிசெய்து சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பாய் கொடுக்க மாட்டார். ரப்பர் செருப்பைத் தரையில் கழற்றி விட்டுவிட்டு, கைலியை ஒதுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார்.

"ம்ம். போனைப் போடுங்க."

"யாருக்கு பாய்?"

"யாருகிட்ட நெசமாப் பேசுவீங்களோ, அவுகளுக்கு."

அதுதான் அவருடைய தொழில் முறை. 'ஹலோ, ஹலோ, கேக்குதா' என்று பேசிக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். "ஹலோவுக்கு எல்லா செட்டும் நல்லாத்தேன் இருக்கும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எல்லா மாப்பிள்ளையும் நல்லவன்தான?" என்பார். கோபம் வர வேண்டும், குரல் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அப்போதுதான் செட்டின் கோளாறு வெளியே வருமாம்.

கீரனூர் விவசாயி ஒருவர் இதற்குச் சம்மதிக்கவே இல்லை. "ஏனுங்க, இது என்ற குடும்ப விசயமுங்க. நீங்க பின்னால உக்காந்துட்டு எப்படிங்க பேசறது?"

"விசயம் உங்களுதுங்க. சத்தம் மட்டுந்தேன் என்னுது" என்றார் பாய், கண்ணைத் திறக்காமலே.

வேறு வழியில்லாமல் அவர் மச்சானைக் கூப்பிட்டார். கிணற்று மோட்டார் விஷயம். ஐந்து நிமிடத்தில் பேச்சு முற்றி, "இனி உன்ற மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று கத்தினார். பாய் அவர் தோளைத் தொட்டார்.

"அண்ணே, செத்த பொறுங்க. இப்பச் சொன்னீங்கள்ல, மூஞ்சில முழிக்க மாட்டேன்னு, அதை அதே சத்தத்துல இன்னொருக்கா சொல்லுங்க. இடது பக்க ஸ்பீக்கர் அதிருது."

விவசாயி இன்னொரு முறை சொன்னார். காணாது, இன்னும் சத்தம் வேணும் என்றார் பாய். அவர் மறுபடியும் சொன்னபோது கோபம் வற்றிப்போய் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. எதிர்முனையில் இருந்த மச்சான் சிரித்துவிட்டார். அந்த மோட்டார் இப்போதும் இரண்டு தோட்டத்துக்கும் பொதுவாக ஓடுகிறது என்று கேள்வி.

இப்படிப்பட்ட ஆளிடம் என் காரைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு ஆசையா என்ன? மகள் ஜெனிக்காகத்தான் போனேன்.

ஜெனி மதுரையில் நர்சிங் படிப்பில் சேர்ந்து விடுதியில் இருந்தாள். அங்கே பிள்ளைகளுக்குச் செல்போன் கிடையாது. வராந்தாவில் ஒரு காசு போடுகிற போன். சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் வரிசையில் நின்று பேச வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த பிள்ளை கைக்குப் போன் போய்விடும். அவள் கூப்பிடும் நேரத்தில் நான் வத்தலக்குண்டுக்கும் செம்பட்டிக்கும் நடுவில் எங்காவது வந்துகொண்டிருப்பேன். ஒரு தடவை ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பேசியபோது கரும்பு டிராக்டரின் பின்னால் போய் முட்டப் பார்த்தேன். என் மனைவி ரோஸி என்னை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, ஓட்டும்போது போனைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள். ஓரமாக நிறுத்தி எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். அதற்காகத்தான் அந்த ப்ளூடூத் செட்டு. அது திடீரென்று என் போனை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. ஜெனியின் அழைப்புகள் வரிசையாகத் தவறின.

பாய் செட்டைத் தட்டிப் பார்த்தார். "இதுல ஏகப்பட்ட போனைச் சேத்து வெச்சிருக்கீங்க. இம்புட்டுப் பேரை ஞாபகம் வெச்சுக்கிட்டு அது எப்பிடி வேலை பாக்கும், பாவம்?"

என் காரில் இலவசமாக ஏறியவர்கள் எல்லாம் பாட்டுக் கேட்பதற்காகத் தங்கள் போனை அதில் இணைத்துவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள்.

"சிங்கக்குட்டின்னு ஒண்ணு இருக்கே, யாரு?"

"என் மச்சான்."

"அழிச்சிறவா?"

"சந்தோசமா அழிங்க பாய்."

எல்லாவற்றையும் அழித்து என் போனை மட்டும் சேர்த்தார். இணைந்துவிட்டது. என் வேலை முடிந்தது என்று சாவிக்குக் கை நீட்டினேன். பாய் செருப்பைக் கழற்றினார்.

அன்று ஜெனியே கூப்பிட்டாள். நான் நன்றாக இருக்கிறேன், சாப்பாடு பரவாயில்லை, படிப்பு பரவாயில்லை என்றாள். நான் "ம்" என்றேன், "சரி" என்றேன், "வெச்சிறவா" என்றேன். நாள் முழுக்கப் பண்ணைக்காரர்களிடம் பேசிவிட்டு வருகிறவனிடம் அதற்கு மேல் சொல் மிஞ்சுவதில்லை.

பாய் கண்ணைத் திறந்தார். "நீங்க ஹலோ சொல்றதுக்கு முந்தி புஸ்ஸுன்னு ஒரு காத்து வருதே, மைக்கா அது?"

"அது நான் பாய். பெருமூச்சு."

"ஓ. அதை மாத்த முடியாது. ஆனா பிள்ளை குரல்ல ஒரு கரகரப்பு இருக்கு. அது போகாம செட்டைத் தர மாட்டேன்."

"காசு போடுற போனு அப்பிடித்தான் கேக்கும் பாய்."

"போனு மேல பழி போடாதீக" என்று செட்டின் முகப்பைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முகப்பு இல்லாவிட்டால் அந்த செட்டு வெறும் ஓட்டை. தினமும் ஜெனி கூப்பிடும் நேரத்துக்குக் கடைக்கு வந்துவிட வேண்டும், அவர் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்பார் என்று ஏற்பாடு. வத்தலக்குண்டில் கடைக்காரர்களிடம் பாதிப் பேச்சில் விடைபெற்று, செம்பட்டி முக்கில் லாரிகளுக்குப் பின்னால் புழுங்கி, வியர்த்து வழிய வந்து சேர்வேன். மைக்கை மாற்றினார். வயரை மாற்றினார். ஸ்பீக்கரைக் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினார். ஒவ்வொரு சாயங்காலமும் ஜெனி பேசி முடித்ததும் கண்ணைத் திறந்து, "போகல" என்பார்.

எனக்கு அழுகையே வரும். செட்டு வேலை செய்கிறது, அவள் பேசுவது புரிகிறது, இந்த மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? ரோஸியிடம் புலம்பினேன். அவள் மறுநாள் நேரே காருக்கே கூப்பிட்டுவிட்டாள்.

"பாய் பின்னாடி இருக்காரா? பாய், அவரு நேரத்துக்கு வீடு வந்து சேரணும். சோறும் வெஞ்சனமும் ஆறிப்போகுது. என்னத்த அம்புட்டு ரிப்பேரு?"

"தங்கச்சி, உங்க குரல் கண்ணாடியாட்டம் இருக்குமா!" என்று பாய் குதூகலித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "இது எப்பிடி?" என்று தனக்குள் முனகினார்.

சிறிது நேரத்தில் ஜெனி கூப்பிட்டாள். வழக்கமான பேச்சு. நடுவில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண் யாரோ, "சீக்கிரம் வைடி, பெல் அடிச்சுருவாக" என்று கத்தினாள். ஜெனி வைத்துவிட்டாள்.

பின்சீட்டில் பாயின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"தம்பி, பின்னாடி நின்னு ஒரு பிள்ளை கத்துச்சே, அது சுத்தமாக் கேட்டுச்சு. அதே போனு. அதே செட்டு. உங்க பிள்ளை பேசுனா மட்டும் கரகரங்குது. எனக்குப் பிடிபடல. முப்பது வருசத்துல இப்பிடி ஒரு கோளாறைப் பாத்ததில்ல. செட்டுல குத்தமே இல்ல போல." தோற்றுப்போனவர் போல அதைச் சொன்னார். அடுத்து எந்த வயரை மாற்றுவது என்பதுதான் அவர் கவலை.

செட்டில் குற்றம் இல்லை, போனில் குற்றம் இல்லை என்றால் மிச்சம் இருப்பது என் பிள்ளையின் தொண்டைதானே. இத்தனை நாளும் என் காதிலும்தான் அது விழுந்தது. அலுப்பில் அதைக் காசு போனின் கணக்கில் எழுதிவிட்டேன்.

நான் வண்டியைக் கிளப்பினேன். பாய் பதறினார். "ஏன் தம்பி, எங்க போறீக? வயரு தொங்குது! கடை தொறந்து கெடக்கு!"

"மதுரைக்கு."

அவர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டீக்கடைக்காரரைப் பார்த்துக் கத்தினார். "ஏலே அப்பு, ஷட்டரை இழுத்து விடு! நான் வர நேரமாகும்!" கோடை ரோடு தாண்டிய பிறகுதான் அவர் செருப்பு கடை வாசலிலேயே கிடக்கிறது என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

விடுதி வாசலில் சிஸ்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். நான் புண்ணாக்கு வாடையோடு நிற்கிறேன். பக்கத்தில் கைலி கட்டி, வெறுங்காலோடு, கையில் ஒரு ஸ்பீக்கரோடு பாய்.

"இவர் யாரு?"

"ரேடியோ மெக்கானிக், சிஸ்டர்."

"இங்கே ரேடியோ எதுவும் ரிப்பேர் இல்லையே."

நல்லவேளை, ஜெனி வந்துவிட்டாள். வராந்தா வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். பாதியாகியிருந்தாள். கையைப் பிடித்தால் கொதித்தது. அப்பா என்பதற்குள் இருமல் வந்து அவளை மடக்கிப் போட்டது. அந்தக் கரகரப்பை நேரில் கேட்டேன்.

"ஏம்மா சொல்லல?"

"காய்ச்சல்தானே, போயிரும்னு நெனச்சேம்ப்பா." தலையைக் குனிந்துகொண்டாள். "போனை எடுத்ததும் ஒரு பெருமூச்சு விடுவீங்க. அதைக் கேட்டாலே, ஏற்கனவே இம்புட்டு அலுப்புல இருக்கீங்களேன்னு, அப்புறம் எதுவும் சொல்ல வராது."

எனக்குப் பின்னால் பாய் மூக்கை உறிஞ்சினார். நான் அந்த வராந்தாவிலேயே அழுதேன். சிஸ்டர் பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட எனக்கு வரவில்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமம் என்றார் டாக்டர். பாய் அங்கேயும் விடவில்லை. டாக்டர் குழாயை ஜெனியின் முதுகில் வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னபோது, "அய்யா, கரகரப்பு எந்தப் பக்கம்? இடதா, வலதா?" என்று கேட்டார். வலது என்றார் டாக்டர். ஒரு திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார்.

ஜெனி தேறி, விடுதிக்குத் திரும்பி, முதல் தடவை கூப்பிட்ட சாயங்காலம் நானே காரைக் கடைக்கு ஓட்டிப்போனேன். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு "ஹலோ" என்றேன். அன்று ஜெனி நிறையப் பேசினாள், நானும் பேசினேன். அவள் வைத்ததும் பாய் சட்டைப்பையில் கைவிட்டு முகப்பை எடுக்கப் பார்த்தார். அது ஏற்கனவே செட்டில்தான் இருந்தது. "சுத்தமா இருக்கு. எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்த செட்டு அடுத்த மழையிலேயே அடியோடு செத்துப்போனது வேறு விஷயம். மெக்கானிக் என்ற முறையில் அவர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை.

பாய் இப்போது வத்தலக்குண்டில் மகன் வீட்டில் இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். என் புதிய காரைக் கண்டதும் செருப்பைத் தெருவில் விட்டுவிட்டு நேராகப் பின்சீட்டில் ஏறிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஜெனி ஆஸ்பத்திரி டியூட்டி முடித்துக் கூப்பிட்டாள். பாய் என்னோடு இருக்கிறார் என்றதும், "பாய் மாமா, என் குரல் எப்படி இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள்.

அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை மூடாமல், முன்னால் இருந்த கண்ணாடியில் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரகரப்பு இல்ல தம்பி" என்றார். "சுத்தமா இருக்கு."