மூன்று மணிக்குக் கிளம்பியவர்

கடிகாரம் மூன்றைக் காட்டியதும் ரங்கநாதன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டிபன் பையைத் தோளில் மாட்டினார். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் டைல்ஸ் இறக்குமதி செய்யும் கம்பெனியில் கணக்கராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் ஐந்து மணி வரை உட்கார்ந்திருக்க, மனுஷர் மூன்று நாளாகக் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி எழுந்து போகிறார்.

பக்கத்து மேசை செல்வநாயகி யாழ்ப்பாணத்துக்காரி. கேட்க நினைத்ததைக் கேட்காவிட்டால் அவளுக்கு இரவில் தூக்கம் வராது.

"எங்க, ஒவ்வொரு நாளும் வெள்ளனவே வெளிக்கிடுறியள்?"

"ரமலான் மாசமாச்சே! தினம் ரெண்டு மணி நேரம் வேலை குறைவு. சட்டம்ங்க."

"எந்த நாட்டுச் சட்டம்?"

"துபாய்ல பன்னெண்டு வருஷம் இருந்தேன். நோன்பு இருக்கிறவன், இல்லாதவன், எல்லாருக்கும் ஒரே சட்டம். உட்கார்ந்திருந்தாலும் முதலாளியே விரட்டிவிடுவார்."

"இது துபாய் இல்லை ஐயா. இஞ்ச அப்பிடி ஒரு சட்டமும் இல்லை."

ரங்கநாதன் டிபன் பையைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தார். டிரையல் காலம் முடியவில்லை. விசாவோ இந்த வேலையைப் பிடித்துத்தான் தொங்குகிறது. வேலை போனால் மனைவி ஸ்வர்ணாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

மறுபடி உட்கார நாற்காலியை இழுப்பதற்குள் முதலாளி ஹாஜா மொய்தீன் அறையிலிருந்து வந்துவிட்டார். காயல்பட்டினத்துக்காரர். ஆபீசுக்கே அவர் பாய்தான்.

"என்ன ரங்கநாதன், மூணு மணி ஆனா ஆளைக் காணோம்? என்ன விஷயம்?"

வேறு நாட்டுச் சட்டப்படி வேலை பார்த்தேன் என்று எந்தக் கணக்கர் சொல்வார்? வாய் முந்திக்கொண்டது.

"நோன்பு, பாய். நானும் இருக்கேன். மத்தியானத்துக்கு மேல தலை சுத்துது, அதான்..."

பாயின் முகம் ஒரு மாதிரியானது. ரங்கநாதனை ஏற இறங்கப் பார்த்தார். போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தார் ரங்கநாதன்.

"பெருமாள் பேரை வச்சிக்கிட்டு, நீங்களா!" என்றார் பாய் கடைசியில். "மூணு மணிக்கே போங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

செல்வநாயகி ஸ்கிரீனுக்குப் பின்னால் குனிந்து குலுங்கினாள்.

வேலை தப்பியது. வயிறு மாட்டிக்கொண்டது. மறுநாள் பாங்க் வேலை என்று சொல்லிவிட்டு, ஷாப்பிங் சென்டர் கார் பார்க்கில் காரை ஓரங்கட்டித் தயிர்சாதத்தைத் திறந்தார். முதல் வாய் போட்டதும் கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பாய்!

டப்பா சீட்டுக்கடியில் கவிழ்ந்தது. வாயிலிருந்தது மெல்லாமலே உள்ளே போனது.

"மயக்கமா? இந்த நிலைமையில கார் ஓட்டலாமா? நாளையிலேர்ந்து நான் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடியே காலையில் மவுண்ட் ரோஸ்கில் வீட்டு வாசலில் பாயின் கார் நின்றது. மத்தியானம் தன் அறையிலேயே உட்காரவைத்துக்கொண்டார். மூன்று மணிக்கு அவரே கொண்டுவந்து விட்டார். நடுவே ஒரு பிஸ்கட்டுக்குக்கூட வழியில்லை. வாசலில் பாய் சொன்னதைக் கேட்டு அப்பா நோன்பு என்று நம்பிய பிள்ளைகள் எதிரே வீட்டில் சாப்பிடவும் கூச்சம். ஆக்லாந்துச் சூரியனோ இரவு எட்டானாலும் மேற்கே சாவகாசமாகக் குந்தியிருந்தது.

"ஏகாதசிக்கு ஒரு காப்பியை விடாத மனுஷன்!" என்றாள் ஸ்வர்ணா. "விசான்னா மட்டும் பக்தி பொங்குதாக்கும்?"

சனிக்கிழமை பாய் வீட்டில் நோன்பு திறக்க அழைப்பு. பேரீச்சம்பழம், கஞ்சி, வடை எல்லாம் பரப்பியிருந்தது. ரங்கநாதனுக்கு ஒரு பக்கம் பசி, ஒரு பக்கம் குற்ற உணர்வு. இனி தாங்காது, சொல்லிவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்தார். பாய் கைகால் கழுவப் போயிருந்தார். எதிரே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜுனைதாவிடமே கொட்டிவிட்டார்.

"அக்கா, நான் சொன்னது பொய். துபாய்ச் சட்டம்னு நினைச்சுக் கிளம்பிட்டேன். பயத்துல நோன்புன்னுட்டேன். இப்பவே பாய்கிட்ட..."

கரண்டி அப்படியே நின்றது. ஜுனைதா குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூச்சு விடாதீங்க தம்பி! அவங்க நோன்பையே விட்டுப் பல வருஷமாச்சு; ரங்கநாதனே இருக்காரேன்னு வெக்கப்பட்டுத்தான் நீங்க சொன்ன மறுநாள் ஆரம்பிச்சாங்க. பெருநாள் வரைக்கும் பகல்ல நீங்க பச்சைத் தண்ணிகூடத் தொடக் கூடாது!"