பத்து மணித் தலைவலி

பத்து மணி ஆக அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இன்னிக்கு எந்த வலியச் சொல்றதுன்னு லிஃப்ட்காரருக்கு இன்னும் முடிவாகல.

முப்பது வருஷம் ஆபீஸ்ல லிஃப்ட் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி போனப்புறம் வீட்டுல பேச்சுத்துணைக்கு ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான். அதுவும் அப்பப்பதான் உறுமும்.

புது பிரஷர் மாத்திரைய ஆளுங்களுக்குக் கொடுத்துப் பாக்குற ஆய்வுல அவர் சேர்ந்ததே அதனாலதான்.

"நீங்க என்னப்பா, சோதனை எலியா?"ன்னு வெளியூர்லேருந்து மகன் கத்தினான்.

"எலிக்குப் போன் போட்டு சாப்பிட்டியான்னு யாருடா கேக்குறா?"

தினம் பத்து மணிக்கு நர்ஸ் போன்ல பேசுவாங்கன்னு டாக்டர் சொன்னதுமே, ஒப்புதல் படிவத்தோட பதினாலு பக்கத்தையும் படிக்காமக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

மாத்திரை தீர்ந்த அன்னிக்கு நர்ஸம்மா சொன்னாங்க: "இனி மாத்திரை கிடையாதுங்கய்யா. கேள்வி மட்டும்தான்."

உடம்பு நல்லாருந்தா அதுவும் நின்னுடுமே! சும்மா ஒரு தலைவலியச் சொல்லி வச்சார்.

"எந்தப் பக்கம்யா?"

"இடது பக்கம்மா."

மறுநாள் மறந்துபோய் வலதுன்னுட்டார்.

"ஐயோ, இடம் மாறுதா?"

சமாளிக்கக் கழுத்துக்கு இறக்கினார். அது முதுகு, இடுப்புன்னு மாடி மாடியா இறங்கி முழங்கால்ல வந்து நின்னுச்சு. நர்ஸம்மா பின்னாடி குக்கர் விசிலடிச்சுது. கேன்டீன் பக்கத்துல உக்காந்திருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டார்.

நேத்து அவங்க குரலே உடைஞ்சுபோச்சு. "எனக்குப் பயமா இருக்குய்யா. தயவுசெஞ்சு டாக்டரப் பாருங்க."

அவருக்குப் பகீர்னுச்சு. நம்ம புளுகால ஒரு நல்ல மாத்திரைய நிறுத்திட்டா? எத்தனை பேருக்குக் கிடைக்காமப் போகும்?

அதான் இன்னிக்கு டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்திருக்கார். இன்னொரு வலியச் சொல்லித் தப்பிக்கலாமான்னு கடைசிவரை யோசிச்சார். கூப்பிட்டதும் உள்ள போய்க் கொட்டிட்டார்.

"டாக்டர், எனக்கு ஒரு வலியும் இல்ல. நர்ஸம்மாகிட்ட சொன்னதெல்லாம் பொய். மாத்திரை மேல பழி போட்டுடாதீங்க. என்னை வேணா ஆய்வுலேருந்து எடுத்துடுங்க."

சொல்லி முடிச்சதும் கடிகாரத்தப் பாத்தார். நாளைக்குப் பத்து மணிக்கு என்ன பண்றது?

டாக்டர் கம்ப்யூட்டரப் பாத்தார். அவரப் பாத்தார். மறுபடி கம்ப்யூட்டரப் பாத்தார்.

சட்டைப்பையில போன் அடிச்சுது. மணி பத்து.

"நர்ஸம்மாதான் டாக்டர். தினமும் கரெக்டா கூப்பிட்டுடுவாங்க."

"ஆய்வு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சேங்கய்யா," டாக்டர் மெதுவாச் சொன்னார். "அதோட அந்தம்மா வேலையும் போயிடுச்சே."