மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள்

மதிப்பும் பாசமும் நிறைந்த அக்காவுக்கு,

உன் கடைசித் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், எழுதுவது. ‘நான் நலம்’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

என் குடலில் இருந்து எடுத்தது புற்றுநோய்க் கட்டி என்பதும், அதற்கு மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்பதும் உனக்குத் தெரியும். தெரியாதது, நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன் என்பது. இருமல் வந்தால் நுரையீரலுக்குப் போய்விட்டது என்கிறேன். முதுகு பிடித்தால் எலும்புக்கு வந்துவிட்டது என்கிறேன். போன வாரம் கண்ணாடியில் பார்த்தால் நாக்கு நீலம். நான் போட்ட சத்தத்தில் உன் தம்பி மனைவி ஓடி வந்தாள். பேனாவைக் கடித்துக்கொண்டே யோசித்ததில் மை ஒட்டியிருக்கிறது.

அவள்தான் என்னை மருத்துவமனையில் நடக்கும் மூச்சுப் பயிற்சி வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளினாள். ஆலோசகர் ஒரு சின்னப் பெண். “ஒண்ணும் செய்ய வேணாம் சார். மூச்சு தானா போகும், வரும். கவனிச்சுட்டு மட்டும் இருங்க” என்றாள். பிறந்ததிலிருந்து தானாகப் போய்வந்த மூச்சு, நான் கவனிக்கிறேன் என்று தெரிந்ததும், லைசென்ஸ் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தவுடன் வண்டியை அணைத்துவிடுகிற ஆள் மாதிரி அப்படியே நின்றுவிட்டது. பிறகு எல்லோரையும் பாயில் படுக்கவைத்து, உடம்பை ஒவ்வோர் இடமாகக் கவனிக்கச் சொன்னாள். வயிறு வந்ததும் எனக்குக் குப்பென்று வியர்த்தது, வலது கால் ஓங்கி மிதித்தது. பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டே, அதை மிதித்தே பழகிய கால். இங்கே பிரேக் இல்லை, பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒரு தையல்காரம்மாவின் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. அது கவிழ்ந்து அவர் பாயெல்லாம் ஈரம். மன்னிப்புக் கேட்க எழுந்தபோதுதான் பார்த்தேன், தலையில் துணி கட்டியிருந்த அந்த அம்மா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

“கண்ண மூடினா பயம்தான் வருதுங்க. எல்லாரும் தைரியமா இருக்காங்க, நான் மட்டும் இப்படி” என்றார்.

நடுரோட்டில் வண்டி நின்றுபோய்க் கை நடுங்கும் ஆட்களை நான் பார்க்காததா? வாய் தானாகப் பேசிவிட்டது. “வண்டி நின்னா நிக்கட்டும்மா. எல்லாருக்கும் நின்னிருக்கு. பின்னாடி ஹாரன் அடிக்கிறவங்க அடிக்கட்டும். நான் பக்கத்துலதான் இருக்கேன். அவசரமே இல்ல.”

அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆலோசகர் என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்குப் பயம் வந்தா, உங்ககிட்ட என்ன சொல்லிக்குவீங்க சார்?”

“திட்டிக்குவேன். நீயெல்லாம் ஒரு ஆம்பளையா, இதுக்குப் போய் நடுங்குறியேன்னு.”

“அவங்கள அப்படித் திட்டியிருப்பீங்களா?”

நான் கவிழ்ந்து கிடந்த பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். என்னை அந்த வளையத்துக்குள் தள்ளிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளிருந்து ஒரு குரல் மூச்சைப் பிடிக்கச் சொன்னது. அங்கே கவனி, இங்கே பிடி, ஒரு மூச்சுக்கு இத்தனை முதலாளிகள். இயந்திரம் உறுமியதும் என் வலது கால் மறுபடி பிரேக்கைத் தேடியது. கூச்சத்தை விட்டு மனதுக்குள் சொன்னேன்: ‘வண்டி நின்னா நிக்கட்டும் தம்பி. நான் பக்கத்துலதான் இருக்கேன்.’ பயம் போகவில்லை அக்கா. ஆனால் பயந்தவனோடு துணைக்கு ஓர் ஆள் இருந்தான். கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கையை அசைக்கக் கூடாதாம்.

முடிவு நாளை மறுநாள் தெரியும். நீ கிளம்பி வர வேண்டாம். அந்த முழங்காலோடு பஸ் ஏறாதே. நான் திடமாக இருக்கிறேன், தனியாகவே போய்க் கேட்டுக்கொள்வேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

பாசமுள்ள,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது வாசலில் நீ பையோடு வந்து நின்றாய். என் மனைவி போன் செய்து வரவழைத்திருக்கிறாள். நீ கூடத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய், நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் குரல் உடைந்துவிடும். திடமாக இருக்கிறேன் என்பதை அடித்துவிட்டுப் படி. படித்ததும் ஒன்றும் கேட்காதே. முடிவைக் கேட்கப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கூட வா, அது போதும்.